நோட்டக்காரரின் வானம்: அமெச்சூர் வானியல் குறித்துச் சில குறிப்புகள்

1

'அமெச்சூர்' என்பதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைபெறவில்லை. 'ஆர்வலர்' என்கிறோம், 'பொழுதுபோக்கு வானியலாளர்' என்கிறோம், 'தொழில்முறை சாராதவர்' என்று எதிர்மறையில் சுற்றி வளைக்கிறோம். நேசிப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. வேரிலிருந்த நேசம் வழியிலேயே கழன்றுவிட, 'கூலி வாங்காதவர்', 'அரைகுறை' என்ற இரண்டு அர்த்தங்களோடு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு இச்சொல் பழக்கமான இடம் நாடகம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறினார்கள். கூலிக்கு நடிப்பவன் 'கூத்தாடி'. கூலி வாங்காமல் நடிப்பவர் கனவான். அங்கே அமெச்சூர் என்பது மேலே இருப்பவரின் பட்டம். வானியலில் இது தலைகீழாக இருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு பார்ப்பவர் விஞ்ஞானி. வாங்காமல் பார்ப்பவர் 'சும்மா மொட்டைமாடியில் நின்று பார்க்கிறவர்'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. இச்சொல் திறமையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. ஒரு துறையில் மதிப்பை வழங்கும் அதிகாரம் எந்த வர்க்கத்திடம், எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

பார்ப்பவர் ஒருவர், பார்த்ததற்குப் பெயரும் விளக்கமும் தருபவர் இன்னொருவர் என்ற பிரிவினை வானியலில் எப்படி உண்டாயிற்று, அதற்குள் சாமானியர்கள் என்ன செய்தார்கள், இன்று அவர்களிடமிருந்து எது பறிபோகிறது என்பதைப் பற்றியே இக்குறிப்புகள். எதுவும் நடக்காத இரவுகளையும் விடாமல் எழுதி வைத்ததுதான் இவர்கள் அறிவுக்குத் தந்த பெரிய கொடை என்பது என் வாதம். கண்டுபிடிப்புகளின் பட்டியலை வைத்து இவர்களை அளப்பது, பரிசுகளின் பட்டியலை வைத்து இலக்கியத்தை அளப்பது மாதிரி.

2

அமெச்சூர் என்றதும் ஏழை, எளியவர் என்று உருகிவிடத் தேவையில்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வானத்தை நோக்கியவர்களில் பலர் நிலமும் பணமும் உள்ளவர்கள். அயர்லாந்தில் ரோஸ் பிரபு தன் எஸ்டேட்டிலேயே 72 அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை 1845இல் நிறுவினார். 1781இல் யுரேனஸைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல் அப்போது பாத் நகரில் பிழைப்புக்கு இசை வாசித்துக்கொண்டிருந்தவர். அதன் பிறகுதான் அரசரின் உதவித்தொகை வந்தது. அவருடைய தங்கை கரோலினுக்கு 1787இல் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. அண்ணனுக்கு எடுபிடி என்றே கருதப்பட்ட உழைப்புக்கு அப்போதுதான் ஒரு விலை எழுதப்பட்டது.

சென்னையின் கதையும் அமெச்சூரில்தான் ஆரம்பிக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தன் சொந்த முயற்சியில் ஒரு வானோக்கு நிலையத்தை அமைத்தார். அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. நில அளவைக்கும் கப்பல் போக்குவரத்துக்கும் வானம் தேவைப்பட்டது. ஒரு அதிகாரியின் ஓய்வுநேரம் ஆட்சியின் கருவியாக மாறிய இடம் இது. அந்த ஓய்வுநேரத்தை யாருடைய வரிப்பணம் வாங்கித் தந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அதே நிலையத்தில் பிற்பாடு உதவியாளராக வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் தென்வானில் ரெட்டிகுலம் என்ற விண்மீன் குழுவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது, அதை விளக்கிச் சிறுநூல் எழுதி இந்திய மொழிகளில் கொண்டுவந்தார். சம்பளம் வாங்கியதால் அவர் அமெச்சூர் இல்லை. 'உதவியாளர்' என்ற இடத்திலேயே இருந்ததால் முழு விஞ்ஞானியாகவும் அவர் எண்ணப்படவில்லை.

அவர் செய்த இன்னொரு காரியம் நமக்கு முக்கியம். திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். வாக்கியப் பஞ்சாங்கம் என்பது வாய்பாட்டு வாக்கியங்களை வைத்துக் கணிப்பது. வானத்தை நிமிர்ந்து பார்க்காமலே கணித்துவிடலாம். திருக்கணிதத்தில் உள்ள 'திருக்' பார்வையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகும்படி கணக்கைத் திருத்துவது அதன் கொள்கை. சண்டை இன்றும் தீரவில்லை. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. ஏறத்தாழ பதினோரு மாத வித்தியாசம்! ராசியின் எல்லைக்கோடு எங்கே என்பது மனிதர்கள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு. ஆனால் இன்று ராத்திரி சனி எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதைக் கண்ணுள்ள எவரும் சொல்லிவிடலாம். பெயர்ச்சிக்குக் கூடும் லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் சனியை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள்? கணிப்பவரின் அதிகாரம் பார்ப்பவரின் தேவையையே இல்லாமலாக்கிவிட்ட ஒரு பண்பாடு இது. நம் சூழலில் வெறுமனே நிமிர்ந்து பார்ப்பதற்கும் ஓர் அரசியல் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

'எல்லாம் நம்ம முன்னோர் அன்றைக்கே கண்டுபிடிச்சாச்சு' என்ற பெருமிதப் பேச்சும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. பார்க்கும் வேலையிலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறது.

3

ஒளி மாறும் விண்மீன்கள் என்பது என்ன, அதை ஒரு சாமானியர் எப்படி அளப்பது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

விண்மீன்களின் பிரகாசத்துக்கு 'ஒளித்தரம்' என்ற எண் தரப்படுகிறது. எண் கூடக்கூட வெளிச்சம் குறைவு. ஐந்து தரம் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் நூறு மடங்கு வித்தியாசம். இந்த அளவுகோலை 1856இல் முன்மொழிந்த நார்மன் பாக்சன்தான் பிறகு சென்னை நிலையத்தின் தலைமைக்கு வந்து, ரகுநாதாச்சாரிக்கு மேலதிகாரியாக இருந்தவர். இருட்டான இடத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறாம் தரம் வரை எட்டும்.

சில விண்மீன்கள் ஒரே சீராக ஒளிர்வதில்லை. 1596இல் டேவிட் ஃபாப்ரீஸியுஸ் என்ற பாதிரியார் கவனித்த மீரா, சுமார் 332 நாள் சுழற்சியில் கண்ணுக்குத் தெரிந்து பிறகு மறைந்து போகிறது. 1782இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்ற பதினெட்டு வயதுப் பையன் அல்கோல் விண்மீனைத் தொடர்ந்து பார்த்து, அது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்குகிறது என்று கணக்கிட்டான். சின்ன வயதிலேயே நோயால் காது கேளாமல் போனவன். ஏதோ ஒரு இருண்ட பொருள் குறுக்கே வந்து மறைக்கலாம் என்பது அவன் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. நூறாண்டு கழித்து 1889இல் நிறமாலை ஆய்வு அதை உறுதிசெய்தது. 1784இல் டெல்டா செஃபெய் என்ற விண்மீனின் மாற்றத்தையும் கண்டான். 1786இல் 21 வயதில் இறந்துபோனான். வசதியான குடும்பம், பக்கத்திலேயே எட்வர்ட் பிகாட் என்ற நண்பர், அவர் வீட்டில் கருவிகள் என்று எல்லாம் இருந்தன. ஆனாலும் இந்த வேலைக்குத் தேவைப்பட்டது கண்ணும் கடிகாரமும் நோட்டும்தான்.

முறை ரொம்ப எளிது. மாறும் விண்மீனுக்கு அக்கம்பக்கத்தில் மாறாத இரண்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒன்று கொஞ்சம் கூடுதல் வெளிச்சம், மற்றது கொஞ்சம் குறைவு. ஒன்றின் தரம் 4.0, இன்னொன்றின் தரம் 4.5 என்றால், நம் ஆள் இரண்டுக்கும் நடுவில் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து 4.2 என்றோ 4.3 என்றோ எழுத வேண்டும். பழகிய கண்ணுக்கே 0.1, 0.2 பிழை வரும். போன வாரம் என்ன எழுதினோம் என்று பார்த்துவிட்டு எழுதக்கூடாது. எதிர்பார்ப்பு கண்ணைக் கெடுத்துவிடும்.

ஒருவரின் மதிப்பீடு நம்பத் தகுந்ததல்ல. ஆனால் ஐம்பது பேர், வேறு வேறு ஊர்களில், ஒரே வரைபடத்தையும் ஒரே ஒப்பீட்டு விண்மீன்களையும் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமல் பதிந்தால், புள்ளிகள் சேர்ந்து ஓர் ஒளிக்கோடாக எழும்பி வருகின்றன. அந்தக் கோட்டுக்கு ஆசிரியர் கிடையாது. 'ஆசிரியனின் மரணம்' பற்றி நாம் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். இங்கே அதற்குச் சற்று வேறான ஒன்று நடக்கிறது. தன் கண்ணின் பிழையை ஒப்புக்கொண்டு, அந்தப் பிழையோடேயே பொதுவில் கொண்டுவந்து சேர்க்கும் பலர் இருக்கிறார்கள். யாருடைய தனிக்கூற்றும் உண்மையாக அறிவிக்கப்படாமலே ஓர் உண்மை உருவாகிறது.

1844இல் ஜெர்மானிய வானியலாளர் ஆர்கலாண்டர் 'வானியல் நண்பர்களுக்கு' ஓர் அழைப்பை விடுத்து இவ்வகைப் பார்வைக்கு ஆள் கேட்டார். 1911இல் வில்லியம் டைலர் ஆல்காட் என்ற வழக்கறிஞர் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்தைத் தொடங்கினார். இன்று அச்சங்கத்தின் தொகுப்பில் 5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

4

அந்தக் கோடிகளில் 37,000க்கும் மேற்பட்டவை ஒரு வங்காளியுடையவை. ராதாகோபிந்த சந்திரா. 1878இல் ஜெஸ்ஸூரில் பிறந்தார்; அது இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. பள்ளியிறுதித் தேர்வில் மூன்று முறை தோற்றவர். ஜெஸ்ஸூர் அரசுக் கருவூலத்தில் 'பொத்தார்' வேலை. வருகிற நாணயங்களில் எது நல்லது, எது கள்ளம் என்று பார்த்துச் சொல்லுகிற ஆள்.

நம் மொழியில் இந்தத் தொழிலுக்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. சங்கப் பாடல்களைப் பாடியவர்களில் 'வண்ணக்கன்' என்ற அடையோடு வருகிறவர்கள் உண்டு. நாணயம் சோதிப்பவர் என்று பொருள். பிற்காலத்தில் 'நோட்டம்', 'நோட்டக்காரர்'. பார்த்தல், மதிப்பிடுதல் இரண்டும் சேர்ந்த சொல் நோட்டம். எதையாவது 'நோட்டம் விடுகிறான்' என்று இன்றைக்குச் சொல்லும்போது அந்தப் பழைய காசுக்கடை வாசனை இன்னும் அதில் இருக்கிறது. மறுபக்கம் 'கணியன்', கணித்துச் சொல்பவன். கணியனுக்கும் நோட்டக்காரனுக்கும் உள்ள வேறுபாட்டையே நான் முன்பகுதியில் பஞ்சாங்கத்தை வைத்துச் சொன்னேன். அமெச்சூருக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறவர்கள் 'நோட்டக்காரர்' என்பதைப் பரிசீலிக்கலாம். நேசம் இதில் இல்லைதான். ஆனால் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுத் தெரியாததை மதிப்பிடும் வேலை இருக்கிறது. விண்மீன் நோக்குபவர் செய்வது துல்லியமாக அதைத்தான்.

1910இல் ஹாலி வால்மீனைப் பார்த்த சந்திரா 1912இல் 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918 ஜூன் 7 அன்று கழுகு விண்மீன் குழுவில் அதுவரை அங்கே காணாத ஒரு விண்மீன் பளிச்சென்று தெரிவதைக் கண்டார். அந்த நோவாவை உலகில் வேறு பலரும் தனித்தனியாகக் கண்டிருந்தார்கள். சந்திரா தான் கண்டதை ஹார்வர்டுக்கு எழுதினார். அந்தத் தொடர்பு அவரை ஆல்காட்டின் சங்கத்துக்கு இட்டுச் சென்றது. பகலில் கருவூலம், இரவில் வானம். அவருடைய பதிவுகள் ஜெஸ்ஸூரிலிருந்து தபாலில் அமெரிக்காவுக்குப் போயின. 1926இல் சங்கத்திலிருந்து 6 அங்குலத்துக்குச் சற்று அதிகமான லென்ஸ் கொண்ட தொலைநோக்கி ஒன்று அவருக்கு வந்து சேர்ந்தது. எண்களாகப் போனது கண்ணாடியாகத் திரும்பி வந்தது.

பிரிவினைக்குப் பின் மேற்கு வங்கத்தில் பராசத்துக்குக் குடிபெயர்ந்தார். 1954 வரை பதிவுகள் தொடர்ந்தன. 1975இல் காலமானார். தேசம் இரண்டாகப் பிளந்த வருடங்களின் ஊடாகவும் ஒருவர் அதே விண்மீன்களை அதே முறையில் அளந்துகொண்டிருந்தார் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. இதைத் தப்பித்தல் என்றும் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் ஊரே தன்னுடையதில்லை என்றாகிவிட்டபோது தன்னிடம் மிச்சமிருந்த பொதுவெளி ஒன்றை அவர் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார் என்றே வாசிக்கிறேன்.

சந்திராவின் அந்தத் தொலைநோக்கி பின்னர் வைணு பாப்புவின் கைக்கு வந்தது. பாப்புவும் இளைஞராக ஹைதராபாத்தில் மாறொளி விண்மீன்களைப் பார்த்தே இத்துறைக்கு வந்தவர். அவர் வழியாக அது நம் ஜவ்வாது மலையின் காவலூர் வானோக்கு நிலையத்தை அடைந்தது. எழும்பூரில் கம்பெனி அதிகாரி தொடங்கி வைத்த மரபு நுங்கம்பாக்கம், கொடைக்கானல் வழியாக அதே காவலூருக்குத்தான் வந்து சேர்கிறது. ஆளும் வர்க்கத்து அமெச்சூரின் வாரிசும் நோட்டக்காரரின் கருவியும் ஒரே மலையில். எது 'வரலாறு' என்று சொல்லப்படுகிறது, எது 'சுவையான செய்தி' என்று ஓரமாக வைக்கப்படுகிறது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

5

இப்போது எதுவும் நடக்காத இரவுகளுக்கு வருகிறேன்.

லெஸ்லி பெல்டியர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் விவசாயக் குடும்பத்துப் பையன். ஸ்ட்ராபெரி பறித்துச் சேர்த்த 18 டாலரில் 2 அங்குலத் தொலைநோக்கி வாங்கினார். 1918இல் பதிவு செய்ய ஆரம்பித்து, 1980இல் இறக்கும்வரை சுமார் 1,32,000 மதிப்பீடுகள். அவர் தொடர்ந்து பார்த்துவந்த ஒன்று, வடக்கு மகுடம் என்ற குழுவிலுள்ள ஒரு நோவா. சாதாரணமாகப் பத்தாம் தரத்தில் மங்கிக் கிடக்கும் அது 1866இல் திடீரென்று இரண்டாம் தரத்துக்கு எழுந்து சில நாட்களில் மறுபடி மங்கிப்போனது. மீண்டும் எழும் என்ற நம்பிக்கையில் பெல்டியர் கால் நூற்றாண்டு அதைக் கவனித்தார். 1946 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, அலாரம் வைத்து எழுந்தவர், சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று மறுபடி படுத்துவிட்டார். அன்றைக்குத்தான் அது வெடித்தது. வேல்ஸில் ஒரு பள்ளி மாணவன் தற்செயலாகப் பார்த்துவிட்டான்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பெல்டியரின் இருபத்தைந்து வருஷம் வீண் இல்லை. வெடிக்கும் முன் அந்த விண்மீன் எப்படி நடந்துகொண்டது, எத்தனை மங்கியது என்பதை இன்று ஆராய்கிறவர்களுக்கு அவரையும் அவரைப் போன்றோரையும் விட்டால் வேறு சாட்சி குறைவு. பார்த்தேன், இன்னாரைவிட மங்கலாக இருக்கிறது, பார்த்தேன், தெரியவில்லை. இந்த இரண்டாவது வகைப் பதிவுக்குச் சங்கத்தின் நடைமுறையில் முறையான இடம் உண்டு. 'காணவில்லை' என்பதும் ஓர் அளவீடு.

அதன் மதிப்பு எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணம். 2012, 2013இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி, திடீரென்று வெடித்தெழும் சுபாவமுள்ள சுமார் 40 விண்மீன்களை ஆராய்ந்தது. அவற்றில் ஒன்று அந்த நேரத்தில் வெடித்திருந்தால் வெளிச்சத்தின் வேகத்தில் கருவியே பழுதாகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதற்கு முன், உலகெங்குமுள்ள அமெச்சூர்கள் பார்த்து 'இன்னும் எழவில்லை' என்று சொன்ன பிறகுதான் ஹபிள் அந்தப் பக்கம் திரும்பியது. கொல்லைப்புறத்துத் தொலைநோக்கிகளின் 'ஒன்றுமில்லை' என்ற சொல்லுக்காகப் பல நூறு கோடி டாலர் கருவி காத்திருந்தது.

6

இதெல்லாம் ஓசி உழைப்புதானே, நிறுவனங்கள் கூலியில்லாத வேலைக்காரர்களைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஆர்வம் என்று பெயர் வைக்கின்றன என்று தோழர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஹென்ரியெட்டா லெவிட் 1895இல் ஹார்வர்டில் சம்பளமில்லாத தன்னார்வலராகச் சேர்ந்தவர். 1902இல்தான் மணிக்கு 30 சென்ட் நிர்ணயமாயிற்று. குட்ரிக் கண்ட டெல்டா செஃபெய் வகை விண்மீன்களின் சுழற்சிக் காலத்துக்கும் அவற்றின் உண்மையான வெளிச்சத்துக்கும் உறவிருக்கிறது என்பதை நிறுவியவர் அவர். அண்டத்தின் தூரத்தை அளக்கும் கோல் அதிலிருந்துதான் வந்தது. 1912இல் அந்த அறிக்கை வெளியானபோது, தயாரித்தவர் லெவிட் என்ற ஒரு வரிக் குறிப்போடு, கையெழுத்து நிலைய இயக்குநர் பிக்கரிங்குடையதாக இருந்தது. 1923இல் அந்தக் கோலை ஆண்ட்ரோமீடாவில் வைத்து அளந்த எட்வின் ஹபிளின் பெயர்தான் விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கிக்குக் கிடைத்தது.

ஆகவே சுரண்டல் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் லெவிட்டின் நிலையையும் நோக்கர் சங்கத்தையும் ஒரே தராசில் போட முடியாது. லெவிட் எதைப் பார்க்க வேண்டும் என்பதை நிலையம் தீர்மானித்தது. சங்கத்தில் எந்த விண்மீனைப் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்பது பார்ப்பவர் கையில் இருக்கிறது. பதிவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உழைப்பின் மீதான பிடி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால், வித்தியாசம் இங்கே இருக்கிறது. சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வங்கியிலும் தபாலாபீஸிலும் வேலை பார்த்துவிட்டு ராத்திரி புரூஃப் திருத்துகிறவரும் ஓசி உழைப்பாளிதான்.

பதிவு என்ற ஒன்று இல்லாததால் இந்தக் கணக்கிலேயே வராமல் போனவர்களும் உண்டு. விடிவெள்ளியைப் பார்த்து வலை எடுத்தவர்கள், ஆறாமீன் நிற்கிற இடத்தைப் பார்த்து இரவுக்காவலில் நேரம் சொன்னவர்கள். அவர்கள் பார்வைக்கு நோட்டும் தபால்தலையும் வாய்க்கவில்லை. சந்திராவுக்கு அரசு வேலையும் எழுத்தும் வாய்த்தன. நோட்டக்காரரின் வரலாற்றை எழுதும்போதும் கீழே இன்னொரு அடுக்கு விடுபட்டே போகிறது.

இன்னொரு ஆட்சேபம்: இனி இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். உண்மையில் பெரும்பகுதி அப்படியாகிவிட்டது. தானியங்கிக் கேமராக்கள் ராத்திரிதோறும் வானத்தை வாரி எடுக்கின்றன; சிலியில் ரூபின் நிலையம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. ஆனால் 2016 செப்டம்பர் 20 அன்று, அர்ஜென்டீனாவின் ரொசாரியோ நகரில் விக்டர் புசோ என்ற பூட்டுத் தொழிலாளி, தன் வீட்டுத் தொலைநோக்கியில் புதுக் கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சுமார் 8 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு விண்மீன் வெடிக்கும் முதல் வெளிச்சமே அதில் பதிவாயிற்று. அதுவரை யாருக்கும் அகப்படாத கணம். 2018இல் வந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் அவர் பெயரும் இருக்கிறது. லெவிட்டிலிருந்து புசோ வரை இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் தூரம் நடந்திருக்கிறோம்.

7

இயந்திரத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு. பார்ப்பதற்கு வானமே இல்லாமல் போவது.

2011 முதல் 2022 வரை உலகெங்கும் சாதாரண மக்கள் தங்கள் ஊரில் எந்த அளவு மங்கலான விண்மீன் வரை தெரிகிறது என்று பார்த்து அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2023இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இரவு வானத்தின் செயற்கை வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடிக்கொண்டிருக்கிறது. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 விண்மீன்கள் தெரியும் ஊரில், அது 18 வயதை எட்டும்போது 100தான் மிஞ்சும். செயற்கைக்கோள்கள் சொன்ன கணக்கு இதைவிட ரொம்பக் குறைவு. காரணம் எளிது. எல்.இ.டி. விளக்குகளின் நீலம் அந்தக் கருவிகளுக்குச் சரியாகத் தெரிவதில்லை. பக்கவாட்டில் சிதறும் வெளிச்சமும் பிடிபடுவதில்லை. மனிதக் கண்ணுக்குத் தெரிந்தது. 'இங்கே இன்ன விண்மீன் தெரியவில்லை' என்று ஆயிரக்கணக்கானவர்கள் எழுதி வைத்த 'காணவில்லை'களால்தான் இருட்டு எவ்வளவு பறிபோயிருக்கிறது என்பதே தெரியவந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இருட்டைக் காப்போம் என்று சுலபமாகக் கோஷம் போட முடியாது. ஊருக்குள் விளக்கு வந்து பல வருஷம் கழித்துச் சேரித் தெருவுக்கு விளக்கு வந்த நாடு இது. ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும் பெண்ணுக்கு வெளிச்சம் ஓர் உரிமை. அதைப் பறித்து நட்சத்திரம் பார்க்கலாம் என்பவர் அந்தப் பழைய சுகுண விலாச சபை மனோபாவத்தில் இருக்கிறார். ஆனால் மேல்நோக்கி வீணாகும் வெளிச்சம் யாருடைய வழியையும் காட்டுவதில்லை. விளம்பரப் பலகைகளும், மூடியில்லாத ஃப்ளட் லைட்டுகளும், வீடுமனைக் கம்பெனிகளின் வளைவுகளும் எரிவது நடக்கிறவருக்காக இல்லை. மூடி போட்டுக் கீழே பார்க்க வைத்த விளக்கு தெருவுக்கும் நல்லது, வானத்துக்கும் நல்லது. மேய்ச்சல் புறம்போக்கு போன பிறகுதான் அது பொதுச்சொத்தாக இருந்தது என்பதே நமக்கு உறைத்தது. தலைக்கு மேலிருக்கும் புறம்போக்குக்கும் பட்டா போடப்பட்டுக்கொண்டிருக்கிறது. தனியார் செயற்கைக்கோள் கூட்டங்கள் 2019 முதல் ஆயிரக்கணக்கில் ஏறியதும் இதன் இன்னொரு பகுதிதான்.

எனவே பார்க்கத் தொடங்குவதையே முதல் காரியமாக முன்வைக்கிறேன். மார்கழி, தை மாத முன்னிரவில் கிழக்கே எழும் திருவாதிரை, செம்மஞ்சள் நிறத்தில், தொலைநோக்கி இல்லாமலே தெரியும். அதுவும் ஒரு மாறொளி விண்மீன். 2019 கடைசியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை அது வழக்கத்துக்கு மாறாக மங்கிக் கிட்டத்தட்ட 1.6 தரத்துக்கு இறங்கியபோது, பழக்கமான கண்கள் வெறுமனே பார்த்தே அதை உணர்ந்தன. பக்கத்திலிருக்கும் ரோகிணியின் தரம் சுமார் 0.9, புனர்பூசத்துப் பொலக்ஸ் 1.1, புரோசியான் 0.4. இவற்றில் எதைவிடக் கூடுதல், எதைவிடக் குறைவு என்று பார்த்து, தேதி, நேரம், மதிப்பீடு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மேகம் மறைத்தால் மேகம் என்று எழுதுங்கள். வெளிச்சத்தில் ரோகிணியே தெரியவில்லை என்றால், அதையும் எழுதி, எந்த விளக்கால் தெரியவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ மனு எழுதும்போது அந்த நோட்டு உதவும்.